இறுதித் தட்டு என்பதற்கான சான்று

சாக்ஸபோன்காரர் கிளியோத்தா டாலிவரின் நுரையீரல் இனித் தேறாது என்பதில் சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவர் குழு விண்ணப்பித்திருந்த இசை அறக்கட்டளைக்கு மட்டும் இருந்தது. வாய் வார்த்தையான சந்தேகம் அல்ல. எழுத்து மூலமான, முத்திரை குத்திய, மூன்று பிரதிகள் எடுக்கப்பட்ட சந்தேகம்.

அந்தக் கடிதத்தை ஓடெல் காஸ்கின்ஸ் தன் சமையலறை மேஜையில் வைத்து நான்கு தடவை படித்தார்.

“தாங்கள் ‘இறுதிப் படைப்பு’ பிரிவில் விண்ணப்பித்துள்ளீர்கள். எனினும், இணைக்கப்பட்டுள்ள மருத்துவர் கடிதத்தின் மூன்றாம் பத்தியில், ‘போதிய ஓய்வு எடுத்தால் ஓரளவு முன்னேற்றம் ஏற்படக்கூடும்’ என்ற வாசகம் காணப்படுகிறது. முன்னேற்றம் ஏற்படும் பட்சத்தில் மேற்படி கலைஞர் மற்றொரு இசைத்தட்டு வெளியிடும் வாய்ப்பை மறுப்பதற்கில்லை. ஆகவே தங்கள் விண்ணப்பம் ‘வளரும் கலைஞர்கள்’ பிரிவுக்கு மாற்றப்படுகிறது.”

வளரும் கலைஞரான கிளியோத்தாவுக்கு அப்போது வயது எழுபத்தாறு. மூக்கில் ஆக்ஸிஜன் குழாயுடன், ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலியில் வளர்ந்துகொண்டிருந்தார்.

ஓடெல் முப்பத்தொரு வருடம் எழுபத்தொன்பதாம் தெருவில் பஸ் ஓட்டியவர். ஓய்வு நேரத்தில் டிரம்ஸ் அடிக்கிறார் என்று டிப்போவில் சொல்வார்கள். டிரம்ஸ் அடித்தது போக மிஞ்சிய நேரத்தில் பஸ் ஓட்டுகிறார் என்று அவர் மனைவி, இருந்தவரை, சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நிறுத்தத்துக்கும் ஒரு நிமிடம் பிந்தாத மனிதர் என்பதால் குழுவின் காகித வேலை முழுக்க அவர் தலையில் விழுந்தது. குழு என்றால் இப்போது மூன்றே பேர்: சாக்ஸபோனுக்குக் கிளியோத்தா, டபுள் பாஸுக்கு லவெல் ஸ்டோக்ஸ், டிரம்ஸுக்கு ஓடெல். பெயர் ‘எழுபத்தொன்பதாம் தெரு வானிலைக் கூட்டம்’. ஒரு காலத்தில் வானொலிக்குப் பேட்டி கொடுக்கப் போனபோது, நாளைக்குப் பனி பெய்யுமா என்று ஒரு அம்மாள் தொலைபேசியில் கேட்டாள். பெய்யும் என்று லவெல் சொன்னார். பெய்தது. ஐம்பது வருடத்தில் நகரம் முழுக்க ஒப்புக்கொண்ட அவர்களுடைய ஒரே சாதனை அதுதான்.

அவர்கள் வாசித்தது ஜாஸ். ஆனால் ஜாஸ் கேட்க வந்தவர்கள் பாதியில் எழுந்து போகும் வகை ஜாஸ். ஒத்திகை கிடையாது. ஒரு தடவை வாசித்ததை மறு தடவை வாசிப்பது கிடையாது. மேடையில் நீளமான ஒரு மேஜை போட்டு அதில் சைக்கிள் மணி, மாட்டு மணி, கார் சக்கர மூடி, ஊதல், வாணலி என்று கண்டதையும் பரப்பி வைத்திருப்பார்கள். யாருக்குத் தோன்றுகிறதோ அவர் எடுத்துத் தட்டுவார். எல்லாக் குழுவிலும் யாராவது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தொடங்கிவைப்பார்கள் அல்லவா, இவர்களிடம் அதுவும் இல்லை. கிளியோத்தா மூச்சை உள்ளே இழுப்பார். தோள் ஒரு விரற்கடை உயரும். அவ்வளவுதான். அந்தத் தோள் மேலே வந்ததும் மூன்று பேரும் ஒன்றாக இசைக்குள் விழுவார்கள். ஐம்பது வருடத்தில் ஓடெல் அதை ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.

இப்போது அந்த மூச்சுதான் தீர்ந்துகொண்டிருந்தது. பிப்ரவரியில் நோய் இன்னதென்று தெரிந்தபோது கிளியோத்தா அழவில்லை, ஜெபம் கேட்கவில்லை.

“ஒரு தட்டுடா ஓடெல். ஒண்ணே ஒண்ணு. அப்புறம் போயிடறேன்.”

“வீட்டுலயே பண்ணிடலாமேடா. லவெல்கிட்ட ரெக்கார்டர் இருக்கு.”

“வீட்டுல பண்ணினா எங்க வீட்டு பிரிட்ஜ்தான் கேக்கும், என் சாக்ஸபோன் கேக்காது. என் மூச்சு இப்ப அவ்வளவுதான். அறக்கட்டளை மாடியில ஒரு ரூம் இருக்கு. அங்க மைக் முன்னாடி கொசு தும்மினாக்கூடக் கேக்குமாம். அங்கதான்.”

அப்படித்தான் மத்திய மேற்கு ஒலி மரபு மேம்பாட்டு அறக்கட்டளையின் வாசலுக்கு ஓடெல் போனார். கண்ணாடியாலான ஐந்து மாடிக் கட்டடம். வாசலில் வெண்கலத்தில் ஒரு டிரம்பெட் சிலை. அதன் அகன்ற வாயில் புறா கூடு கட்டியிருந்தது. திட்ட அலுவலர் மிஸ் டெலனி அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அறுபத்துநாலு பக்க விண்ணப்பத்தையும் கொடுத்தாள்.

“மிஸ்டர் காஸ்கின்ஸ், உங்க கஷ்டத்தை நாங்க முழுசா புரிஞ்சுக்கறோம். அதுக்குன்னே ஒரு பக்கம் இருக்கு. பதினாறாம் பக்கம்.”

“அம்மா, எங்களுக்கு ஒரே ஒரு காலை நேரம் ரூம் போதும். வந்து வாசிச்சிட்டுப் போயிடுவோம்.”

“அதுக்காகத்தானே நாங்க இருக்கோம்” என்றாள் அவள். உண்மையாகவே நல்ல பெண். அந்தக் கட்டடத்தில் எல்லோருமே நல்லவர்கள். கெட்டவன் ஒருவன் இருந்திருந்தால் ஓடெல் அவனோடு சண்டை போட்டிருப்பார்.

விண்ணப்பத்தின் பதினோராம் கேள்வி, ‘என்ன வாசிக்கப் போகிறீர்கள்?’ என்று கேட்டது. ஓடெல் நேர்மையானவர். ‘தெரியாது’ என்று எழுதினார். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. ‘தெரியாது என்பது முழுமையான பதில் ஆகாது, குறைந்தபட்சம் ஐந்நூறு சொற்கள் தேவை’ என்று ஓரத்தில் குறிப்பு.

லவெல் அதைப் பிடுங்கிக்கொண்டு போனார். வாயும் பேனாவும் ஒரே கூர்மை அவருக்கு. தெரியாது என்பதையே ஐந்நூற்றுப் பன்னிரண்டு சொற்களில் எழுதினார். முதல் பத்தியில் தனக்குத் தெரியாது என்றார். இரண்டாம் பத்தியில் கிளியோத்தாவுக்கும் தெரியாது என்றார். மூன்றாவதில், தெரிந்தவர்கள் யாராவது அறக்கட்டளையில் இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்குமாறு கேட்டுக்கொண்டார். இந்த ஆண்டு வந்தவற்றில் மிகத் தெளிவான கலை அறிக்கை இதுதான் என்று அறக்கட்டளையின் தேர்வுக் குழு பாராட்டுக் கடிதம் அனுப்பியது. பாராட்டு வந்து சேர ஒரு மாதம் ஆயிற்று.

பிறகு அறக்கட்டளையின் மதிப்பீட்டாளர் ஒருவர் கிளியோத்தா வீட்டுக்கு வந்தார், மேஜைப் பொருட்களைக் கணக்கெடுக்க. இருநூற்றுப் பதினொரு பொருள். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து எழுதினார். வாணலிக்கு வந்ததும் பேனா நின்றது.

“இது பாத்திரமா, வாத்தியமா?”

“காலையில பாத்திரம். சாயங்காலம் வாத்தியம்” என்றார் லவெல்.

“படிவத்துல ஒரு கட்டம்தான் இருக்கு.”

“அப்ப நீங்க எந்த நேரத்துல வந்திருக்கீங்களோ அதைப் போடுங்க.”

காலை மணி பத்து. ‘பாத்திரம்’ என்று குறித்தார். ஸ்டுடியோவில் உணவு தொடர்பான பொருட்களுக்கு அனுமதி இல்லை என்பதால் வாணலியில் இனிச் சமைக்கப்படாது என்று கிளியோத்தாவின் மனைவி வெர்னிட்டா உறுதிமொழி எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று. அன்று அதில்தான் அவள் கெளுத்தி மீன் வறுத்திருந்தாள். மதிப்பீட்டாளரும் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார்.

இதெல்லாம் சிரித்துக் கடக்கக்கூடியவை. ஆனால் கிளியோத்தாவின் நேரம் அறக்கட்டளையின் நேரத்தோடு ஓடவில்லை. பிப்ரவரியில் காலை முழுவதும் அவரால் வாசிக்க முடிந்தது. ஜூன் மாதம் அது இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. செப்டம்பரில், காலை மருந்து வேலை செய்யும் பத்திலிருந்து பதினொன்று வரை ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை வெர்னிட்டா ‘நல்ல மணி’ என்பாள். நல்ல மணியில் யாரும் வீட்டுக்கு வரக்கூடாது, தொலைபேசி எடுக்கக்கூடாது. அவர் சாக்ஸபோனை மடியில் வைத்து ஒரு சுரம் ஊதுவார். அப்புறம் சிரிப்பார்.

அந்தச் சமயத்தில்தான் ‘ஓரளவு முன்னேற்றம்’ பற்றிய கடிதம் வந்தது.

ஓடெல் மிஸ் டெலனியிடம் ஓடினார்.

“அம்மா, வளரும் கலைஞர் பிரிவுல எப்ப ரூம் கிடைக்கும்?”

“அதுல ரெண்டு வருஷப் பயிற்சித் திட்டம் இருக்கு மிஸ்டர் காஸ்கின்ஸ். முடிச்சதும் உடனே.”

“ரெண்டு வருஷம் அவன் இருக்க மாட்டான்மா.”

“அதைத்தான் டாக்டர் எழுதித் தரணும்” என்றாள் அவள், கண் கலங்கி. மேஜை மேல் இருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.

ஆகவே ஓடெல் காஸ்கின்ஸ், தன் நண்பன் பிழைக்கக்கூடும் என்ற ஒரு வரியை அழித்துத் தரும்படி கேட்க மருத்துவமனைக்குப் போனார். அந்தப் பஸ் பயணத்தில் மூன்று தடவை இறங்கிவிடலாமா என்று நினைத்தார். மருத்துவர் வயதில் சின்னவர். கடிதத்தை வாங்கி அந்த வரியைப் படித்தார்.

“அந்த வரி மருத்துவத்துக்காக எழுதினதில்லை சார். அவங்க மனைவி படிப்பாங்களேன்னு எழுதினேன்.”

“தெரியும் டாக்டர்.”

“எடுத்துடவா?”

ஓடெல் ஆம் என்று தலையை ஆட்டினார்.

புதிய கடிதத்தில் வெர்னிட்டா சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் சமையலறையில் நின்றபடியே படித்தாள். பழைய கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள்.

“பிரதர் ஓடெல், இங்க ஒரு வரி இருந்துச்சே.”

“இருந்துச்சு.”

“எங்க போச்சு?”

“நான்தான் எடுக்கச் சொன்னேன் வெர்னிட்டா. அது இருந்தா ரூம் தரமாட்டாங்களாம்.”

அவள் அவரைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். பழைய கடிதத்தை நாலாக மடித்து பைபிளுக்குள் வைத்தாள். உள் அறையிலிருந்து கிளியோத்தாவின் குரல் மெல்ல வந்தது.

“என்னடா, என்னை முழுசா முடிச்சாச்சா?”

“முடிச்சாச்சுடா.”

“அப்பாடா. இப்பவாவது திறப்பாங்களா கதவை.”

திறக்கவில்லை. புதிய கடிதத்தைப் பார்த்ததும் அறக்கட்டளையின் அபாய மேலாண்மைப் பிரிவு விழித்துக்கொண்டது. தேறவே மாட்டார் என்று சான்றளிக்கப்பட்ட ஒருவர் திட்டத்தை எப்படி முடித்துத் தருவார் என்று அது நியாயமாகவே கேட்டது. உத்தேசப் பதிவு நாளான நவம்பர் பன்னிரண்டில் கலைஞர் நலமாக இருப்பார் என்பதற்கு இன்னொரு சான்று தேவை. அதே சமயம் முந்தைய சான்றும் செல்லும்படியாக இருக்க வேண்டும். முடிவில் மருத்துவர், தலையில் அடித்துக்கொண்டு, இப்படி எழுதிக்கொடுத்தார்: ‘மேற்படி நோயாளி நவம்பர் பன்னிரண்டாம் தேதி காலை பதினொரு மணி வரை நலம். அதன் பிறகு நலமில்லை.’

“இதுல ஆண்டவரோட கையெழுத்து விட்டுப்போச்சு” என்றார் லவெல்.

மிஸ் டெலனிக்கு மட்டும் மிகுந்த திருப்தி. இவ்வளவு துல்லியமான மருத்துவச் சான்று தன் கைக்கு வந்ததே இல்லை என்றாள். பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு அறை ஒதுக்கப்பட்டது.

அன்று ஓடெல் கிளியோத்தாவுக்குப் பழுப்புக் கோட்டு மாட்டிவிட்டார். உடம்பு கோட்டுக்குள் எங்கோ இருந்தது. வெர்னிட்டா பத்து மணிக்குச் சரியாக வேலை செய்யும்படி மருந்து கொடுத்திருந்தாள். ஒன்பது ஐம்பதுக்கு மூன்றாம் மாடி. மேஜை போட்டு, வாணலி உட்பட எல்லாம் பரப்பி, பத்துக்கு மூன்று பேரும் இடத்தில் இருந்தார்கள். ஒலிப்பதிவாளர் மார்வா என்ற பெண்; வானிலைக் கூட்டத்தின் பழைய தட்டுகளை எல்லாம் கேட்டிருந்தவள். கிளியோத்தாவின் வாய்க்குச் சரியாக ஒரு சாண் தள்ளி மைக்கை வைத்தாள்.

“ஊதக்கூட வேண்டாம் மிஸ்டர் டாலிவர். நினைச்சாப் போதும், இது எடுத்துடும்.”

கிளியோத்தா சிரித்தார். கன்னத்தில் நிறம் இருந்தது. நல்ல மணி தொடங்கியிருந்தது.

மிஸ் டெலனி கையில் கோப்போடு வந்தாள். முதலில் பாதுகாப்பு விளக்கம். தீ வந்தால் எந்தப் படிக்கட்டு, வெள்ளம் வந்தால் எந்தப் படிக்கட்டு. மூன்றாம் மாடியில் வெள்ளம் வந்தால் என்று லவெல் ஆரம்பித்தார், ஓடெல் அவர் காலை மிதித்தார். அது முடிய பத்து பதினேழு. பிறகு பொருட்களைச் சரிபார்ப்பது. இருநூற்றுப் பதினொன்று இருக்க வேண்டும். எண்ணினால் இருநூற்றுப் பத்து. மறுபடி எண்ணினாள். கிளியோத்தா கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன ஊதலை எடுத்துக் காட்டினார். மணி பத்து இருபத்தெட்டு.

“இப்ப ஆரம்பிக்கலாமா அம்மா?” என்றார் ஓடெல்.

“ஆரம்பிக்கலாம்” என்றாள் அவள். “இயக்குநர் வந்திட்டிருக்கார்.”

இயக்குநர் டாக்டர் ஆஷ்வொர்த் உயரமானவர், நல்ல குரல். ஒப்பந்தத்தின்படி நிகழ்வு முழுவதும் பதிவாக வேண்டும் என்பதால் மார்வா சிவப்பு விளக்கைப் போட்டாள். அறையில் உள்ள எல்லா மைக்கும் திறந்திருந்தது. அவருக்கென்று தனி மைக்கும் தயாராக இருந்தது. அவர் கிளியோத்தாவுக்கும் ஓடெலுக்கும் நடுவே வந்து நின்றுகொண்டார்.

“நண்பர்களே,” என்று தொடங்கினார். “கலைஞர்களை அவங்க உயிரோட இருக்கும்போதே கௌரவிக்கணும்கறது எங்க கொள்கை. இந்தக் கொள்கையை வகுக்கவே எங்களுக்கு ஏழு வருஷம் ஆச்சு. அவசரப்பட்டு எதையும் செய்யறதில்ல. இதுவரைக்கும் நாற்பத்திரண்டு இறுதிப் படைப்புகளை நாங்க ஏத்துக்கிட்டிருக்கோம். அதுல முப்பத்தொன்பது பேர், ரொம்ப வருத்தத்தோட சொல்றேன், விண்ணப்ப நிலையிலேயே நம்மை விட்டுப் பிரிஞ்சுட்டாங்க. ஆனா அவங்க எதுவும் வீணாப் போகல. அந்த முப்பத்தொன்பது விண்ணப்பங்களும் கீழ்த்தளத்துல, சரியான வெப்பநிலையில, பத்திரமா இருக்கு.”

மிஸ் டெலனி கைதட்டினாள்.

“வெளிப்படையாவே சொல்றேன், இவங்க இசை எனக்குப் புரியல. புரிஞ்சிருந்தா நான் கேட்டு ரசிச்சிட்டுச் சும்மா இருந்திருப்பேன். புரியாததாலதான் பாதுகாக்கணும்னு தோணுது. இவங்க இசையோட உயிர் எதுன்னு எங்க ஆய்வுக்குழுவைக் கேட்டேன். மௌனம்னு சொன்னாங்க. அதனால மௌனத்தைப் பத்திக் கொஞ்சம் விரிவாப் பேசணும்னு ஆசைப்படறேன்.”

விரிவாகப் பேசினார். மௌனத்தில் எத்தனை வகை என்று பேசினார். சிறு வயதில் தன் வீட்டு ஏரிக்கரையில் கேட்ட மௌனத்தைப் பற்றிப் பேசினார். மணி பத்து நாற்பது.

அப்போதுதான் அது நடந்தது. இயக்குநரின் முழங்கைக்கு அடியில் இருந்த இடைவெளி வழியாக ஓடெல் பார்த்தார். கிளியோத்தா சாக்ஸபோனை வாயில் வைத்திருந்தார். கண் மூடியிருந்தது. இதற்கு மேல் காத்திருந்தால் மூச்சு தாங்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தோள் உயர்ந்தது.

லவெலின் விரல் கம்பி மேல் போய்விட்டது. ஓடெலின் கையும் உயர்ந்தது. ஆனால் ஒரு மனிதர் முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கிறார். பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் டிரம்ஸை அடிப்பது எப்படி? முப்பத்தொரு வருடம் ஏறுகிறவர்களிடமும் இறங்குகிறவர்களிடமும் மரியாதையாக இருந்தே பழகிய கை. அது காற்றில் நின்றது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது.

கிளியோத்தா கண்ணைத் திறந்து ஓடெலைப் பார்த்தார். கோபமில்லை. இழுத்த மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டார். ஓடெலின் ஐம்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

இயக்குநர் நன்றி கூறி முடித்தபோது மணி பத்து ஐம்பத்திரண்டு. எல்லோருடனும் கைகுலுக்கினார், அவசரக் கூட்டம் இருப்பதாகச் சொல்லி இசை தொடங்கும் முன்பே கிளம்பிவிட்டார்.

தோள் மறுபடி உயர்ந்தது. இந்தத் தடவை அரை விரற்கடைதான். மூவரும் இசைக்குள் விழுந்தார்கள்.

ஏழு நிமிடம். கிளியோத்தா அதில் மொத்தமாக ஒரு பதினைந்து சுரம் வாசித்திருப்பார். ஒவ்வொன்றையும் வாசிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, வேண்டாததை எல்லாம் விட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் வாசித்தார். ஓடெல் குச்சியைக் கீழே போட்டுவிட்டு விரல் நுனியால் தட்டினார். லவெல் ஒரே கம்பியில் இருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் மார்வா வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். ஒரு சுரம் பாதியில் காற்றாகப் போயிற்று, அதற்கப்புறம் வரவில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்ததைவிட ஒரு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிட்டது.

“நல்லாருந்துச்சாடா?” என்றார் கிளியோத்தா, உதட்டால் மட்டும்.

“நல்லாருந்துச்சுடா.”

“இன்னும் ரெண்டு இருந்துச்சு மனசுல.” அவ்வளவுதான் சொன்னார்.

மிஸ் டெலனி கோப்போடு அருகில் வந்தாள். ஒதுக்கப்பட்ட நான்கு மணி நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் பயன்படாமல் மிஞ்சியிருக்கிறது. காரணம் கூறும் படிவம் ஒன்று இருக்கிறது, அவசரமில்லை, இந்த வாரத்துக்குள் கொடுத்தால் போதும் என்றாள். ஓடெல் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பதினோரு நாள் கழித்துக் கிளியோத்தா இறந்துபோனார். நல்ல மணியில் இல்லை, மத்தியானம், தூக்கத்தில். தேவாலயத்தில் கூட்டம் தாங்கவில்லை. அவர் இசையின் பாதியில் எழுந்து போனவர்கள் எல்லாம் அன்று முடியும்வரை இருந்தார்கள். அறக்கட்டளை ஒரு பெரிய மலர்வளையம் அனுப்பியது. அதைப் பெற்றுக்கொண்டதற்கு வெர்னிட்டாவிடம் கையெழுத்தும் வாங்கியது.

தட்டு வசந்தத்தில் வந்தது. ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவின்படி அறிமுக உரையும் படைப்பின் பகுதியாகக் கருதப்படும் என்று இருந்ததை யாரும் படித்திருக்கவில்லை. முதல் பக்கம் முழுவதும் டாக்டர் ஆஷ்வொர்த், இருபத்திரண்டு நிமிடம். இரண்டாம் பக்கத்தில் ஏழு நிமிடம் இசை. பிறகு வெறும் தட்டு. ஆண்டறிக்கையில் வெற்றிகரமாக நிறைவேறிய நான்காவது இறுதிப் படைப்பு என்று படத்தோடு போட்டார்கள். படம் இயக்குநருடையது. லவெல் தன் பிரதியின் முதல் பக்கத்தை ஆணியால் கீறிவிட்டு, இனி இது ஒரு பக்கத் தட்டு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஓடெல் தன் பிரதியைப் பிரிக்கவே இல்லை. ஏழு நிமிடத்துக்குப் பயமில்லை. அந்தப் பத்து நாற்பதுக்குத்தான் பயம். தான் விட்டுவிட்ட மூச்சு அந்தப் பக்கத்தில் எங்கோ இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெர்னிட்டா சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் போனபோது வீட்டுக்குள் டாக்டர் ஆஷ்வொர்த் பேசிக்கொண்டிருந்தார். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஓடெல் நேரே இசைத்தட்டுப் பெட்டியிடம் போனார். ஊசியைத் தூக்கக் கையை நீட்டினார்.

“தொடாதீங்க பிரதர்.”

“இந்தாளை எதுக்கு வெர்னிட்டா வீட்டுக்குள்ள விட்டே? திருப்பிப் போடறேன், கிளியோத்தா அந்தப் பக்கத்துல இருக்கான்.”

“அந்தப் பக்கத்துல அவர் வாசிக்கறார். வாசிச்சதை ஊரே கேட்டாச்சு.” அவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இந்தப் பக்கத்துல அவர் சும்மா உக்காந்திருக்கார். இங்க, இந்த நாற்காலியில உக்காந்திருப்பாரே, அந்த மாதிரி. அந்தாள் பேசறதைக் கேக்காதீங்க. அதுக்குப் பின்னாடி கேளுங்க.”

ஓடெல் உட்கார்ந்தார். முதலில் மௌனத்தின் வகைகள்தான் கேட்டன. பிறகு, அதற்கு அடியில், ஒரு மூச்சு. உள்ளே, வெளியே. ஆக்ஸிஜன் குழாயில் காற்றுப் போகும் சீறல். ஒரு சின்ன இருமல். அதைப் பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாதென்று விழுங்கிக்கொள்ளும் சத்தம். சாக்ஸபோன் விசைகளை விரல் சும்மா தடவும் டிக் டிக். மைக் எல்லாவற்றையும் எடுத்திருந்தது. கிளியோத்தா டாலிவர் உயிரோடு அந்த அறையில் இருந்தார்.

ஏரிக்கரை வந்தது. ஓடெல் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நீளமாக ஒரு மூச்சு உள்ளே போயிற்று. நின்றது. பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்தது.

“இங்க” என்றார் ஓடெல். “இங்க நான் வந்திருக்கணும் வெர்னிட்டா. அவன் கூப்பிட்டான். நான் போகல.”

“தெரியும். வீட்டுக்கு வந்ததும் சொன்னார்.”

“என்ன சொன்னான்?”

“ஓடெல் பஸ்காரன்தான் கடைசி வரைக்கும், ஏறினவன் உக்கார்ற வரைக்கும் வண்டிய எடுக்க மாட்டான்னு சொல்லிச் சிரிச்சார். ரொம்ப நேரம் சிரிச்சார். அப்புறம் மூச்சு வாங்கிச்சு, நான்தான் திட்டினேன்.”

ஓடெல் அழுதார். அவள் அவரைத் தடுக்கவில்லை. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உள்ளே, வெளியே. ஊசி நடுவிலிருக்கும் காகித வட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் ஆஷ்வொர்த் நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டார். அலுவலர்களுக்கு, ஆய்வுக்குழுவுக்கு, அபாய மேலாண்மைப் பிரிவுக்கு. அந்த மனிதர் இன்னும் ஒரு அரைமணி நேரம் பேசியிருக்கக்கூடாதா என்று ஓடெலுக்கு ஏக்கமாக இருந்தது.